மூச்சு விடாத பித்தளை

கல் பட்டால் கண்ணாடி உடையும். வெயில் பட்டால் களிமண் வெடிக்கும். பெட்டிக்குள் சும்மா படுத்துக் கிடக்கிற பித்தளை, யாரும் தொடாமல், யாரும் திரும்பிக்கூடப் பார்க்காமல், தானாக வாய் பிளக்கும் என்று யாராவது சொல்லியிருந்தால் அந்த வீட்டு மருமகள் சிரித்திருப்பாள். வியாழக்கிழமை காலை பத்து மணி வரைக்கும் சிரித்திருப்பாள்.

மழை பிடித்து ஒன்பதாவது நாள் அது. மதியம் கம்பெனி வண்டி வரும் என்று, பின்னறையில் அடுக்கியிருந்த சரக்கை எடுக்கப் போனாள். பின்னறை என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். முன்னால் பட்டறை, பின்னால் வீடு, இரண்டுக்கும் நடுவில் அகப்பட்டுக்கொண்ட ஒரு சந்துதான். ஒரு பக்கச் சுவரில் நான்கு தட்டு அலமாரி, அதில் பித்தளை. எதிர்ச்சுவரில் ஆணி, ஆணிக்கு ஆணி கயிறு, கயிற்றில் காயாத துணி. அலமாரிக்குக் கீழே இரண்டு பிளாஸ்டிக் தொட்டிகள். படுக்கையோடு இருக்கிற மாமனாரின் விரிப்புகள் அவற்றில் குவிந்திருந்தன. வெயில் அடித்தால் துவைத்துக் காயப்போடலாம் என்று மாமியாரும் மருமகளும் ஒன்பது நாளாக வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். உள்ளே நுழைந்தால் வாடை மூக்கில் ஏறி நேராகக் கண்ணில் போய் நிற்கும். அவளுக்குப் பழகிவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு வேலையைப் பார்ப்பாள்.

கீழ்த்தட்டுப் பெட்டியை இழுத்தாள். பழக்கதோஷம், சிறு பித்தளைக் குழல் ஒன்றை எடுத்து மெல்லிய எஃகுக் கம்பியால் தட்டினாள்.

டொக்.

அவள் கை நின்றது. இன்னொன்றை எடுத்துத் தட்டினாள். டொக். மூன்றாவது, நான்காவது. டொக், டொக். வெடித்த மண்சட்டியைத் தட்டினால் வருமே, அந்தச் சத்தம். ஒன்றை வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பினாள். மேல் விளிம்பிலிருந்து கீழ் விளிம்பு வரைக்கும் தலைமயிர் கிடக்கிற மாதிரி ஒரு கோடு. நகத்தால் கிள்ளி எடுக்கப் பார்த்தாள். மயிர் இல்லை. பிளவு. கோட்டின் ஓரத்தில் மங்கலாக நீலம் பூத்திருந்தது.

"என்னங்க! இங்க வாங்க. ஓடி வாங்க!"

கடைசல் மெஷின் நின்றது. அவள் கணவன் பஞ்சுநூலில் கையைத் துடைத்துக்கொண்டே ஓடி வந்தான். பின்னாலேயே பிரஸ் ஓட்டுகிறவரும் வந்தார். அந்த வீட்டுக்கு அவர் சொந்தமில்லை, பதினெட்டு வருஷமாக அங்கேயே சாப்பிடுகிறார், அதனால் எல்லாருக்கும் அவர் பிரஸ் அண்ணன்.

"என்ன, பாம்பா?"

"பாம்புன்னா நானே அடிச்சிருக்க மாட்டேனா? இதைப் பாருங்க."

அவன் வாங்கிப் பார்த்தான். இன்னொன்று எடுத்தான். பெட்டிக்குள் கைவிட்டு ஒரு பிடி அள்ளினான். அத்தனையும் பிளந்திருந்தன.

"எலி கடிச்சிருக்கும்," என்றார் பிரஸ் அண்ணன்.

"அண்ணே!"

"பித்தளையைக் கடிக்கிற எலின்னா அதைப் பிடிச்சு பட்டறையில வேலைக்கு வச்சுக்கலாம். எனக்கும் முதுகு வலிக்குது." சொல்லிவிட்டு அவரும் ஒன்றைக் கையில் எடுத்தார். அவர் சிரிப்பு பாதியில் அணைந்தது. "என்னம்மா இது? நான் அழுத்தினப்ப இப்படி இல்லையே. நீ தட்டித்தானே வாங்கினே?"

"ஒண்ணு விடாம தட்டினேன். மணி மாதிரி இருந்துச்சு அண்ணே. அத்தனையும் மணி மாதிரி இருந்துச்சு."

அது பொய்யில்லை. அந்த வீட்டில் அவளுக்கு வேலையே அதுதான். கல்யாணமாகி வந்த இரண்டாம் மாதமே அவள் காதை மாமனார் கண்டுபிடித்துவிட்டார். கலந்து கிடந்த குவியலில் கண்ணை மூடிக்கொண்டு தட்டி, இது கன்மெட்டல், இது வெண்கல புஷ், இது ஈயம் கலந்த பித்தளை என்று அவள் பிரித்து வைக்க, அவர் தொடையில் தட்டிச் சிரித்தார். "பையனுக்குப் பொண்ணு பார்க்கப் போனேன், பட்டறைக்குக் காது கிடைச்சிருக்கு." அன்றிலிருந்து அவர் கூப்பிடுவது 'காது' என்றுதான். "காது, தண்ணி கொண்டா." "காது சாப்பிட்டுச்சா?"

அவர்கள் செய்வது பூண். உலக்கைக்குப் பூண் போடுவது போல, ரப்பர் குழாயின் நுனிக்குப் போடுகிற பித்தளைப் பூண். பெருவிரல் பருமன், அரைவிரல் நீளம். ஆஸ்பத்திரிகளில் ஆக்சிஜன் சிலிண்டரிலிருந்து வருகிற குழாய் வாய்விட்டுக் கழன்றுவிடாமல் கவ்விப் பிடிப்பது அதன் வேலை. ஆக்சிஜன் போகிற வழியில் இரும்பு வைத்தால் ஒரு பொறி போதும், இரும்பே திரி மாதிரி எரியும். தனித் தாமிரம் எரியாது, ஆனால் பிடி நிற்காது, இழுத்த பக்கம் வளையும். அதனால்தான் தாமிரம் எழுபது, நாகம் என்கிற துத்தநாகம் முப்பது. ஈயம் சேர்த்த பித்தளை கடைசலுக்கு வெண்ணெய் மாதிரி சீவும், பிரஸ்ஸில் வைத்து இழுத்தால் பிய்ந்துவிடும். இந்த எழுபது முப்பதுதான் இழுத்த இழுப்புக்கு வரும்.

இந்தக் கணக்கை வைத்து மாமனார் மாமியாரைச் சீண்டாத நாள் கிடையாது. "எங்க கல்யாணமும் எழுபது முப்பதுதான். நான் எழுபது தாமிரம். உங்க அத்தை முப்பது நாகம். முப்பதுதான், ஆனா நாகம்."

"நாகம் சேரலைன்னா நீங்க வெறும் தாமிரம்," என்பாள் மாமியார் அடுப்படியிலிருந்தே. "வர்றவன் போறவன் எல்லாம் வளைச்சிருப்பான்."

தகட்டை வட்டமாக வெட்டி, முதல் அழுத்தில் கிண்ணி, இரண்டாம் அழுத்தில் டம்ளர், மூன்றாம் அழுத்தில் நீளக் குழல், அடியை வெட்டி எறிந்தால் பூண். ஒவ்வொரு அழுத்துக்கும் நடுவில் செக்கச் சிவக்கக் காய்ச்சி ஆற்றுவார்கள், பித்தளை இளகும். கடைசி அழுத்துக்குப் பிறகு மட்டும் அப்படிக் காய்ச்சக்கூடாது, விறைப்பு போய்விடும். மின்சாரச் சூட்டுப்பெட்டியில் மிதமான சூட்டில் ஒரு மணி நேரம் வைக்க வேண்டும். அதற்கு மாமனார் வைத்த பெயர் மூச்சு. "அழுத்தி அழுத்தி வச்சதுல அது உள்ளுக்குள்ள மூச்சைப் பிடிச்சுக்கிட்டு நிக்குது. இந்தச் சூட்டுல விட்டுடும். விடலைன்னா வை, என்னைக்கு இருந்தாலும் அதுக்கு ஆபத்துதான்." அந்தப் பட்டறையில் யாரும் வேறு பெயர் சொல்ல மாட்டார்கள். மூச்சு வைத்தாச்சா, மூச்சு விட்டாச்சா, அவ்வளவுதான் பேச்சு. விட்ட பூணுக்கும் விடாத பூணுக்கும் நிறத்தில் வித்தியாசம் இல்லை. எடையில் இல்லை. தட்டினால் சத்தத்திலும் இல்லை.

மருமகள் பெட்டிகளை ஒவ்வொன்றாகத் தரையில் இறக்கினாள். பிளந்தது ஒரு பக்கம், பிளக்காதது ஒரு பக்கம் என்று தட்டித் தட்டிப் போட்டாள். டொக். டொக். டிங். டொக். கீழ்த்தட்டில் ஏறக்குறைய எல்லாம் போய்விட்டது. இரண்டாவது தட்டில் பாதி. மேல்தட்டில் இருநூறுக்கு நான்கு.

"கீழ இருந்து மேல போகப் போகக் குறையுது," என்றாள்.

"நேத்து இங்க உட்கார்ந்துதான் டீ குடிச்சேன்," என்றார் பிரஸ் அண்ணன் மெதுவாக. "டிக்... டிக்னு சத்தம் கேட்டுச்சு. பல்லின்னு நினைச்சேன். மழைக்குப் பல்லி வந்து ஒண்டியிருக்குன்னு நினைச்சு, சூ சூன்னு விரட்டினேன்மா."

அவள் கீழே பார்த்தாள். தொட்டி. தொட்டிக்கு நேர் மேலே கீழ்த்தட்டு. கண்ணைக் கரிக்கிற அந்த வாடை. ஒன்பது நாளாக அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பித்தளைக்குத் துடைத்துக்கொள்ளக் கை ஏது?

"இந்த வாடைதாங்க."

"வாடையில பித்தளை வெடிக்குமா? போன மழைக்கும் இங்கதானே வச்சோம்? போன மாசச் சரக்கு ஒரு பெட்டி இன்னும் இங்கதானே கிடக்கு?"

கிடந்தது. தொட்டியை ஒட்டிய மூலையிலேயே கிடந்தது. அவள் அதை இழுத்து, கைக்கு வந்ததையெல்லாம் தட்டினாள். டிங். டிங். டிங். டிங். ஒரு டொக் இல்லை. நீலம் மட்டும் அதிலும் லேசாகப் பூத்திருந்தது.

மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அதே தகடு. அதே பிரஸ். அதே வாடை. போன மாதச் சரக்குக்கு ஒன்றும் ஆகவில்லை. இந்தச் சரக்கு மட்டும்.

"மூச்சு," என்றார் பிரஸ் அண்ணன்.

கணவன் முகம் வெளுத்தது. "போன வாரம் செவ்வாக்கிழமை சூட்டுப்பெட்டியில வச்சது நான். சுவிட்சைப் போட்டுட்டுத்தான் தகடு எடுக்கப் போனேன். சத்தியமா போட்டேன். வெளியில எடுத்தது யாரு?"

"நான்தான்."

"விட்டுச்சான்னு பார்த்துத்தானே எடுத்தே?"

செவ்வாய்க்கிழமை அவள் கண்முன்னால் வந்து நின்றுகொண்டிருந்தது.

பட்டறைக்கும் வீட்டுக்கும் சேர்த்து ஒரே கரண்ட் ஒயர். சூட்டுப்பெட்டி ஓடினால் வீட்டுப் பக்கம் விளக்கு அழுதுவடியும், மாமனாருக்கு மூச்சுமருந்து கொடுக்கிற நெபுலைசர் முக்கும். அதனால் அவருக்கு இழுக்கும்போதெல்லாம் மாமியார் ஓடிவந்து சூட்டுப்பெட்டியை அணைப்பாள். மருந்து கொடுத்து முடித்ததும் மறுபடி போடுவாள். ஒரு வருஷமாக அப்படித்தான் நடக்கிறது. ஒரு மணி நேரம் முடிந்து மணி அடித்தால் பெட்டியை அணைப்பதும் அவள்தான். அன்றைக்குப் பிரஸ் ஓடிக்கொண்டிருந்தது. மருமகள் பட்டறைக்கும் வீட்டுக்கும் நடுவிலிருந்த நிலைவாசலில் நின்று கத்தினாள்.

"அத்தை! மூச்சு விட்டாச்சா?"

"விட்டாச்சும்மா! இப்பத்தான். நல்லா விட்டாச்சு!"

அவள் உள்ளே போய்ப் பெட்டியைத் திறந்தாள். ஆறிப்போயிருந்தது. ஆறியிருந்தால் நல்லதுதானே என்று எடுத்துத் தட்டி, எண்ணி, அடுக்கினாள். இப்போதுதான் உறைத்தது. மாமியார் அப்போது கையில் நெபுலைசரின் மூக்குமூடியை வைத்திருந்தாள். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். 'நல்லா விட்டாச்சு' என்றாள். பித்தளையை யாராவது 'நல்லா' விட்டாச்சு என்று சொல்வார்களா? இவள் கேட்டது பெட்டியை. அவள் சொன்னது புருஷனை. கண் சொருகிக் கிடந்த மனிதர் மறுபடி மூச்சு விட்ட சந்தோஷத்தில் சுவிட்சைப் போட மறந்து, அவர் முதுகைத் தடவிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

"அங்க என்னடா கூட்டம்?" என்று மாமியாரின் குரல் அடுப்படியிலிருந்து வந்தது. "சோறு இறக்கியாச்சு. முட்டை பொரிக்கட்டுமா, அண்ணனுக்கு நேரமாகுமா?"

"பொரிங்க அத்தை," என்றாள் மருமகள். தன் குரல் தனக்கே யாருடையதோ மாதிரி கேட்டது. பிறகு கணவனிடம் திரும்பினாள். "பார்க்கலைங்க. விட்டுடுச்சுன்னு நினைச்சு எடுத்துட்டேன். என் தப்பு."

"நினைச்சியா? காது, காதுன்னு அப்பா தலையில தூக்கி வச்சு ஆடுறாரு. நீ நினைச்சியா?"

"தம்பி," என்றார் பிரஸ் அண்ணன். "திட்டுறதைச் சாயங்காலம் திட்டிக்கோ. சனிக்கிழமை இதே சரக்குல அறுநூறு கம்பெனிக்குப் போச்சே, அதைச் சொல்லு."

அறுநூறு. மூவருக்கும் அதுவரை அது நினைவில்லாமல் இல்லை. யார் முதலில் சொல்வது என்றுதான் இருந்தார்கள். அறுநூறு பூணும் குழாயில் ஏறியிருக்கும். குழாய்கள் ஆஸ்பத்திரிக்குப் போகும். மூச்சுக்குத் தவிக்கிற யாரோ ஒருவரின் கட்டில் பக்கத்தில், மழைக்குக் காயாத விரிப்புகளுக்கு நடுவில், அந்தப் பூண் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கும்.

"கம்பெனிக்கு போன் போடுங்க," என்றாள்.

"என்னன்னு சொல்ல? எங்கப்பா மூத்திரத் துணி வாடையில உங்க பூண் வெடிச்சிருச்சுன்னு சொல்லவா?"

"நான் சொல்றேன். போனைக் குடுங்க."

அவன் கொடுப்பதற்குள் பிரஸ் அண்ணன் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"என்னண்ணே?"

"வெள்ளிக்கிழமை," என்றார். "வெள்ளிக்கிழமை அய்யாவுக்கு ஆக்சிஜன் குழாய் மாத்தினோமே. பழசு தேஞ்சிருச்சுன்னு. புதுப் பூண் போட்டு நான்தானே நெரிச்சேன். எந்தப் பெட்டியில இருந்து எடுத்தேன்?"

மாமனாரின் அறைக்கு ஓடினார்கள்.

அறை அடுப்படிக்குப் பக்கம், பெரிய சிலிண்டர் உள்ளே வேண்டாம் என்று அதை வெளியே நடையில் நிறுத்தியிருந்தார்கள். அதிலிருந்து குழாய் ஜன்னல் வழியாகக் கட்டிலுக்குப் போனது. குழாயின் சிலிண்டர்ப் பக்க நுனியில் பூண் பளபளவென்று இருந்தது. நகைக்கடைக் கண்ணாடிக்குள் வைக்கலாம். உள்ளே மாமனார் மூக்குமூடியோடு சாய்ந்து கிடந்தார். அவருக்குக் கீழே விரிப்பு, காலையில்தான் மாற்றியது. மறுபடி ஈரம்.

"என்ன, மூணு பேரும் படையெடுத்து வர்றீங்க?" மூடிக்குள்ளிருந்து அவர் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல வந்தது. "நான் போயிட்டேன்னு எவனாவது சொன்னானா?"

"குழாய் மாத்தணும் மாமா."

"வெள்ளிக்கிழமைதானே மாத்துனீங்க?"

"சரியில்ல மாமா. கொஞ்ச நேரம் மூடி இல்லாம இருக்கணும். முடியுமா?"

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். பித்தளையோடு ஐம்பது வருஷம் இருந்தவர், கேள்வி கேட்கவில்லை. "காது சொன்னா சரிதான். சீக்கிரம்."

கணவன் புதுக் குழாய் வெட்டினான். பூணுக்கு எங்கே போவது? பட்டறைச் சுவரில் ஒரு ஆணிப் பலகை உண்டு. ஒவ்வொரு தடவையும் வருகிற முதல் பூணைத் தேதி எழுதி அதில் மாட்டி வைப்பார்கள். மருமகள் ஓடிப்போய்ப் போன மாதத்து ஆணியிலிருந்து ஒன்றை உருவிக்கொண்டு வந்தாள். பிரஸ் அண்ணன் அதைக் குழாயில் ஏற்றி, கை நெரிப்பானில் வைத்து நெரித்தார். பதினெட்டு வருஷத்தில் ஒரு நாளும் அவர் கை அப்படி வழுக்கியதில்லை. இரண்டு தடவை கீழே போட்டார்.

சிலிண்டரை மூடினார்கள். உஸ் என்று வந்துகொண்டிருந்த சத்தம் நின்றது. அதன் இடத்தில் மாமனாரின் மூச்சு கேட்டது. ரம்பம் ஈரக்கட்டையில் போய் வருகிற சத்தம். ஒரு இழுப்பு. நிறுத்தம். இன்னொரு இழுப்பு. அவர் உதடு நீலம் பாரித்தது. மருமகள் அந்த நீலத்தைப் பார்த்தாள், பின்னறையில் பார்த்த நீலத்தை நினைத்தாள், பல்லைக் கடித்துக்கொண்டு திருகாணியைப் பிடித்துக் கொடுத்தாள்.

"இன்னும் ரெண்டு சுத்து," என்றான் கணவன். "அப்பா, இன்னும் ரெண்டே சுத்து."

"சுத்து... சுத்து," என்றார் அவர். "நான் எங்கயும்... போகலை."

உஸ் என்று மறுபடி வந்தது. மூன்று பேரும் தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். கழற்றிய பழைய குழாய் நடையில் ஒரு ஸ்டூல் மேல் கிடந்தது. கணவன் அதன் பூணைத் தேய்த்துப் பார்த்தான், வெளிச்சத்தில் திருப்பினான்.

"ஒண்ணும் ஆகலை. பாரு, முழுசா இருக்கு. நாமதான் பதறிட்டோம்."

அவள் வாங்கித் தட்டினாள். டிங். மணி மாதிரி. தன் காதை அவளுக்கு முதல் தடவையாகப் பிடிக்காமல் போனது அப்போதுதான். ஸ்டூலிலேயே திரும்ப வைத்துவிட்டு போனை எடுத்தாள்.

கம்பெனியில் சரக்கு வாங்குகிறவருக்கு மீசை சார் என்று பெயர். மீசையை எடுத்து இரண்டு வருஷம் ஆகிறது, பெயர் போகவில்லை.

"சொல்லும்மா. வண்டி கிளம்பிருச்சு, ஒரு மணிக்குள்ள அங்க வந்துடும்."

"சார், சனிக்கிழமை அனுப்பின அறுநூறு..."

"எல்லாம் ஏத்தியாச்சேம்மா. குழாய் கட்டி, சோதிச்சு, ஆஸ்பத்திரிக்குப் போற வண்டியில ஏத்திட்டோம். வாசல்ல நிக்குது."

"இறக்கிடுங்க சார்."

"என்னது?"

"ஏத்தினதை இறக்கிடுங்க. அந்தப் பூண் ஆகாது."

"ஏம்மா, என் கையிலயே ஒண்ணு இருக்கு. பளபளன்னு இருக்கு. காத்து ஏத்திச் சோதிச்சிருக்கோம், ஒண்ணுகூட ஒழுகலை. காரணம் என்னன்னு நான் எழுதணும், சொல்லு."

"மூச்சு விடலை சார்."

"யாரு?"

"பூணு சார். அழுத்தினது உள்ளயே நிக்குது. கடைசியா சூட்டுல வச்சு எடுக்கணும், அதை நான் வைக்காம கட்டிட்டேன். ஈரமும் வாடையும் பட்டா தானா பிளக்குது. இங்க வீட்டுல இருந்தது பூரா பிளந்திருச்சு."

"என்ன வாடை?"

அவள் ஒரு கணம் கண்ணை மூடினாள். "மூத்திர வாடை சார். படுக்கையில இருக்கிறவங்க விரிப்பு. எங்க மாமாவோடது. ஆஸ்பத்திரியிலயும் அதுதானே சார் இருக்கும்?"

"பார்த்தா தெரியாதா?"

"தெரியாது."

"நீதான் தட்டிச் சொல்லுவியே? அய்யா எத்தனை தடவை பெருமை அடிச்சிருக்காரு. தட்டிப் பார்த்து நல்லதை மட்டும் பிரிச்சுடலாமா?"

"தட்டினாலும் தெரியாது சார். என் காதுக்கே..."

டிக்.

பல்லி இல்லை. அவள் திரும்பினாள். ஸ்டூல் மேல் குழாய் கிடந்தபடியே கிடந்தது. யாரும் அதன் பக்கத்தில் இல்லை. பூணில் மட்டும், மேல் விளிம்பிலிருந்து கீழ் விளிம்பு வரைக்கும், தலைமயிர் மாதிரி ஒரு கோடு. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது அரிசி அகலத்துக்கு வாயைத் திறந்தது. இருபது நிமிஷத்துக்கு முன்னால் ஒரு மனிதரின் உயிர் அதில் தொங்கிக்கொண்டிருந்தது.

"என்னம்மா சத்தம்?"

"விட்டுடுச்சு!" அவள் தன்னை மறந்து கத்தினாள். "மூச்சை விட்டுடுச்சு சார்! இப்பத்தான்! என் கண்ணு முன்னாலயே!"

அடுப்படியில் பாத்திரம் விழுந்தது. தொடர்ந்து ஒரு அலறல்.

"ஐயோ! என் ராசா! என்னை விட்டுப் போயிட்டீங்களா!"

மாமியார் தலைமுடி அவிழ, கையில் முட்டைக் கரண்டியோடு நடையில் ஓடி வந்தாள். மகன் எழுந்து பிடிப்பதற்குள் அவனைத் தள்ளிவிட்டு அறைக்குள் விழுந்தாள். கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு மார்பில் அடித்தாள். கட்டிலுக்கு மேலே மாமனார் மூடியைக் கையால் விலக்கினார்.

"நான் இல்லடி," என்றார். "பித்தளை."

அலறல் நடுவில் அறுந்தது. பிரஸ் அண்ணன் சிரிக்கப் பார்த்தார், அது அழுகையாக வந்தது. போனில் மீசை சார் "ஹலோ, ஹலோ, ஏம்மா, அங்க யாருக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

"யாருக்கும் ஒண்ணும் ஆகலை சார்," என்றாள் மருமகள். "வண்டி?"

தூரத்தில் அவர் யாரையோ கூப்பிடுவது கேட்டது. டேய், கேட்டை மூடு, வண்டியை விடாதே. கதவு ஒன்று இரும்போடு இரும்பு மோதி மூடியது. "நிறுத்திட்டேன்மா. அறுநூறும் இறங்கும். நீ அய்யாவைப் பாரு."

அவள் போனை வைத்தாள். மழை ஓட்டில் விழுந்துகொண்டிருந்தது. அடுப்படியிலிருந்து முட்டை கருகுகிற வாசனை வந்தது, யாரும் போகவில்லை.

மாமியார் எழுந்து நடைக்கு வந்தாள். மூக்கைச் சிந்திக்கொண்டு, "எதைடி அப்படிக் கத்துனே? ஈரக்குலை நடுங்கிப்போச்சு," என்றாள். ஸ்டூலில் கிடந்ததைப் பார்த்தாள். குனிந்து எடுத்தாள். அந்த வீட்டில் நாற்பது வருஷம் பித்தளைக்கு நடுவில் வாழ்ந்தவள், அவளுக்கு யாரும் விளக்கவேண்டி இருக்கவில்லை. கட்டைவிரலால் பிளவைத் தடவினாள். பிறகு தலையை நிமிர்த்தி, திறந்திருந்த கதவு வழியாகப் பட்டறையைப் பார்த்தாள். சூட்டுப்பெட்டியைப் பார்த்தாள். அதன் சுவிட்சைப் பார்த்தாள். அப்படியே நின்றுவிட்டாள்.

"என் தப்புதான் அத்தை," என்றாள் மருமகள் அவசரமாக. "நான் பார்க்காம எடுத்துட்டேன். நீங்க போய் மாமாகிட்ட உட்காருங்க."

மாமியார் போகவில்லை. பூணைக் கைக்குள் மூடிக்கொண்டாள். அவள் முகத்தில் ஏதோ ஒன்று மெல்ல, யாரும் தொடாமல், விளிம்பிலிருந்து விளிம்பு வரைக்கும் ஓடியது.

"ஏம்மா," என்றாள். "அன்னைக்குச் செவ்வாக்கிழமை, அந்த நிலைவாசல்ல நின்னுதானே கேட்டே, விட்டாச்சான்னு?"

மருமகள் அவள் கையிலிருந்ததை வாங்கப் போனாள்.

"அது எந்த மூச்சு?"